புட்டியில் இருப்பது உரமா, தீர்த்தமா?

(ஜவ்வாது மலை அடிவாரம் அமிர்தியில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சங்கதி உங்களில் பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். நம்முடைய கூட்டம் என்றால் சாமியைப் பற்றியோ, சாதியைப் பற்றியோ, கலியாணச் சடங்கைப் பற்றியோ பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நானோ உரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். உரத்திற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு மனிதன் தான் காசு கொடுத்து வாங்குகிற பொருள் என்ன, அது என்ன செய்யும், எவ்வளவு செய்யும் என்று கேட்காமல், பெரியவர்கள் சொன்னார்கள், சர்க்கார் சொன்னது, கடைக்காரர் கொடுத்தார் என்று வாங்கிக்கொண்டு போவானேயானால், அவனுக்கும் கோயிலில் ஏன் என்று கேட்காமல் கை நீட்டித் தீர்த்தம் வாங்குகிறவனுக்கும் என்ன வித்தியாசம்? ஆகையால்தான் இதைப் பேச வந்தேன்.

உங்கள் ஊருக்கு அமிர்தி என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்ததோ, அது இருக்கட்டும். பெயரைக் கேட்டதும் எனக்குப் பாற்கடலைக் கடைந்த கதை ஞாபகத்திற்கு வந்தது. ஒரு பக்கம் தேவர்கள் இழுத்தார்களாம், மறுபக்கம் அசுரர்கள் இழுத்தார்களாம். பாம்பின் தலைப்பக்கம், விஷ மூச்சு வீசுகிற பக்கம், அசுரர்களுக்கு. கடைசியில் அமிர்தம் வந்தபோது ஒரு மோகினி வந்து அதைத் தேவர்களுக்கு மாத்திரம் பரிமாறிவிட்டாளாம். பாடுபட்டவனுக்கு விஷக்காற்று, பக்கத்தில் நின்றவனுக்கு அமிர்தம். இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமிர்தம் என்பது ஒரு துளி சாப்பிட்டால் போதும், எல்லாம் ஆகிவிடும் என்பது. அந்த மாதிரி ஒரு துளிச் சங்கதிதான் இப்போது ஒரு புட்டியில் அடைக்கப்பட்டு உங்கள் உரக்கடைக்கு வந்திருக்கிறது. அதற்கு நானோ யூரியா என்று பெயர்.

நானோ என்றால் என்ன?

இதே மலையின் மேல் காவலூரில் ஒரு வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். 1977-ல் யுரேனஸ் என்ற கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதைப் பார்த்துக் குறித்த இடங்களில் அதுவும் ஒன்று. பெரியதிலும் பெரியதை, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதை, அங்கே கருவி வைத்துப் பார்க்கிறார்கள். அதற்கு நேர் எதிரான வேலை, சிறியதிலும் சிறியதைக் கருவி வைத்துப் பார்ப்பது. நானோ என்பது குள்ளன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு நானோ மீட்டர். உங்கள் தலைமயிர் ஒன்றின் கனம் ஏறக்குறைய 80,000 நானோ மீட்டர். அந்த மயிரைக் கனத்தின் குறுக்கே ஆயிரம் கூறாகப் பிளந்தாலும் ஒரு கூறு 80 நானோ மீட்டர் இருக்கும். ஒன்று முதல் நூறு நானோ மீட்டருக்குள் இருக்கும் பொருள்களைத்தான் இந்தப் பெயரால் சொல்லுகிறார்கள்.

அவ்வளவு சிறிதாக்குவதால் என்ன ஆகும்? வெல்லக்கட்டியை அப்படியே தண்ணீரில் போட்டால் மெதுவாகக் கரைகிறது. இடித்துப் போட்டால் சீக்கிரம் கரைகிறது. வெல்லம் அதே வெல்லம்தான். தண்ணீர் படுகிற மேற்பரப்பு அதிகமாகிவிட்டது. நானோ அளவுக்குப் போனால் அதைவிட விசித்திரமும் நடக்கிறது. மஞ்சளாக இருக்கிற தங்கத்தை அந்த அளவுக்குப் பொடியாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது சிவப்பாகத் தெரிகிறது. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. யார் செய்தாலும், எந்தச் சாதிக்காரன் செய்தாலும், குளித்துவிட்டுச் செய்தாலும் குளிக்காமல் செய்தாலும் அப்படித்தான் தெரியும். ஆகவே நானோ விஞ்ஞானம் என்பது பொய் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பின்னால் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு இவன் விஞ்ஞானத்திற்கு விரோதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

யூரியாவின் கதை

யூரியா என்பதே நம்மைப் போன்றவர்களுக்குப் பிடித்தமான ஒரு கதையை உடையது. ஒரு காலத்தில், உயிருள்ள உடம்பில் உண்டாகிற பொருள்களை மனிதன் தன் கையால் செய்ய முடியாது, அதற்கு ஓர் உயிர்ச்சக்தி வேண்டும் என்று படித்தவர்களே சொல்லி வந்தார்கள். 1828-ல் ஜெர்மனியில் வோலர் என்பவர், மூத்திரத்தில் இருக்கிற யூரியாவைச் சிறுநீரகத்தின் சகாயம் இல்லாமல் சோதனைச் சாலையில் செய்துவிட்டார். உயிர்ச்சக்தி என்ற கோட்டையில் அன்று முதல் கல் பெயர்ந்தது. பிறகு ஹேபர் என்பவர் காற்றிலிருக்கிற நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா ஆக்க வழி கண்டார். 1913-ல் அது ஆலையில் ஆரம்பமாயிற்று. இன்று உலகத்தில் கோடிக்கணக்கான வயிறுகள் நிரம்புவதற்கு அதுதான் ஆதாரம். அதே ஹேபர்தான் 1915-ல் யுத்தகளத்தில் குளோரின் விஷப்புகையை அவிழ்த்துவிடவும் முன்னின்றவர். அறிவு ஒன்றுதான், அது யார் கையில், எதற்காக என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது.

இப்போது யூரியாவால் ஒரு கஷ்டம் வந்திருக்கிறது. வயலில் போடும் யூரியாவில் பாதிக்குக் குறைவாகத்தான் பயிருக்குப் போகிறது. மீதி தண்ணீரோடு இறங்கிக் கிணற்றில் கலக்கிறது, காற்றோடு போகிறது. காற்றில் போகிறதில் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயு ஒன்று, கரியமில வாயுவைவிட எடைக்கு எடை 270 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்கக் கூடியது. மேலும், ஒரு மூட்டையை உங்களுக்கு 242 ரூபாய்க்கும் அதன் மேல் வரி, வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவுக்கும் கொடுக்கிறார்களே, அதன் உண்மையான அடக்கம் அதற்குப் பல மடங்கு. மீதியைச் சர்க்கார் மானியமாகக் கட்டுகிறது. ஆகவே யூரியாவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லுகிறவர்களுடைய எண்ணம் நியாயமான எண்ணமே. எண்ணம் நியாயமானது என்பதற்காக, அவர்கள் காட்டுகிற வழியெல்லாம் சரியாகிவிடுமா என்பதுதான் கேள்வி.

புட்டியின் கணக்கு

இப்கோ என்பது ஆயிரக்கணக்கான கூட்டுறவுச் சங்கங்களை அங்கத்தினராகக் கொண்ட பெரிய உர ஸ்தாபனம். குஜராத்தில் கலோல் என்னுமிடத்தில் உள்ள அவர்களுடைய ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் திரவம் உண்டாக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு உத்தரவின் கீழ் அதற்கு அனுமதி கிடைத்தது. அவ்வருஷம் மே மாதம் 31-ந் தேதி வெளியிட்டார்கள். 2022 மே மாதத்தில் கலோல் ஆலையைப் பிரதம மந்திரி மோடி திறந்து வைத்தார். அரை லிட்டர் புட்டி ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குச் சமம் என்பது விளம்பரம். ஒரு மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டாம், புட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

தோழர்களே! எனக்கு ரசாயனம் அதிகம் தெரியாது. ஆனால் பெருக்கல் வகுத்தல் தெரியும். உங்களுக்கும் தெரியும். யூரியா மூட்டையில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் என்று மூட்டையின் மேலேயே அச்சடித்திருக்கிறது. 45 கிலோவில் 20 கிலோ 700 கிராம் நைட்ரஜன். முதலில் வெளிவந்த புட்டியில் நூற்றுக்கு 4 பங்கு நைட்ரஜன் என்று அவர்களே போட்டிருந்தார்கள். அரை லிட்டரில் 4 பங்கு என்றால் 20 கிராம். அங்கே 20 கிலோ, இங்கே 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு!

ஒரு டன் நெல் விளைய, பயிர் சுமார் 15 முதல் 20 கிலோ நைட்ரஜனை எடுத்துக்கொள்ளுகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் புட்டியிலிருக்கும் 20 கிராமும் ஒரு சொட்டு வீணாகாமல் பயிருக்குள் போனாலும் ஒன்றரைக் கிலோ நெல்லுக்கு மேல் தாங்காது. ஒரு வேளை விருந்துக்குக் காணாது.

இதற்கு அவர்கள் தரப்பில் சொல்லுகிற சமாதானத்தையும் மறைக்காமல் சொல்லுகிறேன். "மண்ணில் போட்ட யூரியா பெரும்பாலும் வீணாகிறது; எங்களுடையது இலை வழியாக நேரே போகிறது, நூற்றுக்கு 80-க்கு மேல் பயன்படுகிறது" என்கிறார்கள். சரி, மூட்டையில் மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குப் போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது ஏழு கிலோ. புட்டியில் முழுவதும் போயிற்று என்று வைத்துக்கொண்டாலும் இருபது கிராம். ஏழாயிரத்திற்கும் இருபதுக்கும் எத்தனை தூரம்? 2024-ல் நூற்றுக்கு 16 பங்கு நைட்ரஜன் உள்ள புதுப் புட்டிக்கு அனுமதி வாங்கினார்கள். அதிலும் மொத்தம் 100 கிராமைத் தாண்டாது. புட்டி வெளிவந்த மூன்று வருஷத்திற்குள் நான்கு பங்கைப் பதினாறு பங்காக்க வேண்டி வந்ததே, நாலு பங்கே ஒரு மூட்டைக்குச் சமம் என்றால் பதினாறு எதற்கு என்று யாராவது கேட்டீர்களா?

இன்னொன்று. யூரியா தண்ணீரில் கரைகிற பொருள். உப்பைக் கல்லுப்பாகப் போட்டாலும், பொடியுப்பாகப் போட்டாலும், கரைந்த பிறகு குழம்பில் இருப்பது ஒரே உப்புத்தான். யூரியாவின் மூலக்கூறு ஒன்று இயற்கையிலேயே ஒரு நானோ மீட்டருக்கும் சிறியது. சாதாரண யூரியாவை ஒரு பிடி எடுத்து வாளித் தண்ணீரில் கரைத்து இலையில் தெளித்தால் அது இலைக்குள் போகிறது என்பது நம் நாட்டில் வெகு காலமாக விவசாய இலாகாவே சொல்லி வருகிற வழக்கம். டென்மார்க் தேசத்தில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க், ஹுஸ்டட் என்ற இருவர் 2023-ல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் இந்தக் கேள்விகளை எழுப்பி, இந்த விளம்பரத்திற்குப் போதிய விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். வெள்ளைக்காரர் சொன்னதால் அது வேதமாகிவிடாது. நாம் மேலே போட்ட கணக்கைத்தான் அவர்களும் போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சமாதானம் உண்டு. "இந்தத் திரவம் வெறும் உரம் அல்ல, இது பயிரைத் தூண்டிவிடுகிறது, பயிர் வேர் வழியாக அதிகம் எடுத்துக்கொள்ளுகிறது" என்பார்கள். அப்படியானால் இது சாப்பாடு அல்ல, பசி மருந்து. பசி மருந்து குடித்தவனுக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்? நாம் போடாத நைட்ரஜன் நம் மண்ணில் இருந்த இருப்பிலிருந்துதான் வர வேண்டும்.

பரீட்சை என்ன சொல்லிற்று?

கணக்கு எதுவாயிருந்தாலும், வயலில் பலித்தால் நாம் தலைவணங்க வேண்டியதுதான். அதுதான் பகுத்தறிவுக்காரனுக்கு நியாயம். இப்கோவும் சர்க்காரும் 11,000-க்கு மேற்பட்ட குடியானவர் வயல்களில், 94 விதப் பயிர்களில் சோதித்து, சராசரி நூற்றுக்கு 8 பங்கு மகசூல் அதிகமானதாகச் சொன்னார்கள். அனுமதியும் அதற்கு முன்பு ஒரு சில பருவங்களில் நடந்த சோதனைகளை வைத்துத்தான் கொடுக்கப்பட்டது. ஆனால் லூதியானாவில் உள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தார் நெல்லிலும் கோதுமையிலும் இரண்டு வருஷம் வயல் சோதனை செய்தார்கள். வழக்கமான உரம் முழுவதும் போட்ட பாத்தி ஒரு புறம்; பாதி உரம் போட்டு நானோ யூரியா தெளித்த பாத்தி ஒரு புறம். தெளித்த பாத்தியில் நெல் நூற்றுக்கு 13 பங்கும், கோதுமை நூற்றுக்கு 21.6 பங்கும் குறைந்து போயின. குறைந்தது எடை மாத்திரமல்ல. தானியத்திலிருக்கும் நைட்ரஜன், அதாவது புரதச் சத்தும் குறைந்தது. நாற்றுவிட்டு, நட்டு, களையெடுத்து, நூற்றுக்கு 13 பங்கைப் புட்டிக்குப் பலி கொடுப்பது என்றால், உங்கள் பத்து மூட்டையில் ஒன்றேகால் மூட்டை போயிற்று என்று அர்த்தம்.

இந்தத் திரவம் கடல் தாண்டியும் போயிருக்கிறது. 2021-ல் இலங்கையில் கோத்தபய ராஜபக்சே ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்திவிட்டார். நாட்டை இயற்கை விவசாய நாடாக்குகிறேன் என்றார். மண்ணைத் தயார் செய்யாமல், எருவுக்கு வழி செய்யாமல், ஜோசியக்காரன் நல்ல நாள் குறிப்பதைப் போல நாள் குறித்துவிட்டார். குடியானவர்கள் தெருவுக்கு வந்த பிறகு, அவ்வருஷம் நவம்பரில் இந்திய ஆகாயப் படையின் விமானங்களில் 100 டன் நானோ திரவம் கொழும்புக்குப் பறந்தது. அதே மாதத்தில் தடையும் நீக்கப்பட்டது. ஆனால் பயிரின் பருவம் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. அந்தப் பெரும்போக வெள்ளாமை பெருமளவு படுத்துவிட்டது. அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டி வந்தது. ரசாயனமே பாவம் என்கிற பக்தி ஒரு பக்கம், புட்டியே மோட்சம் என்கிற பக்தி மறுபக்கம். நடுவில் வடக்கே வன்னித் தமிழனும் தெற்கே சிங்களக் குடியானவனும் ஒன்றாகவே நஷ்டப்பட்டார்கள்.

மூட்டையோடு புட்டி

உங்கள் கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கத்துத் தோழர் ஒருவர் என்னிடம் சொன்னதைச் சொல்லுகிறேன். ஊர் பேரும் கடை பேரும் வேண்டாம். நெல்லுக்கு மேலுரம் போட வேண்டிய சமயம். கடைக்குப் போய் இரண்டு மூட்டை கேட்டிருக்கிறார்.

"பெரியவரே, மூட்டைக்கு ஒரு புட்டி எடுத்தால்தான் மூட்டை."

"எனக்குப் புட்டி வேண்டாமே தம்பி."

"எனக்கும் வேண்டாம்தான். மேலே இருந்து இவ்வளவு புட்டி தள்ளினால் நான் எங்கே போய்த் தள்ளுவது?"

அவர் 225 ரூபாய் வீதம் இரண்டு புட்டி வாங்கி வந்து பரண்மேல் வைத்திருக்கிறார். தெளிக்கவில்லை. அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று பாருங்கள், சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார். ஆனால் 450 ரூபாய் போனது போனதுதானே! இது ஏதோ ஒரு கடையின் அட்டூழியம் என்று நினைக்க வேண்டாம். இப்படி மானிய உரத்தோடு நானோ உரத்தைக் கட்டாயமாகக் கட்டி விற்பதை உடனே நிறுத்த வேண்டும் என்று, 2025 ஜூலையில் மத்திய விவசாய மந்திரி சிவராஜ் சிங் சௌகானே எல்லா மாகாண முதல் மந்திரிகளுக்கும் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. நல்ல சரக்கு என்றால் அதை மற்றொரு சரக்கின் வாலில் கட்டி விற்பானேன்? அர்ச்சனைச் சீட்டு வாங்கினால்தான் உள்ளே விடுவேன் என்கிற மாதிரி அல்லவா இருக்கிறது?

இதில் நமக்கு வெட்கமான சங்கதி ஒன்றும் உண்டு. இப்கோ ஏதோ சீமைக் கம்பெனி அல்ல. பேருக்காவது குடியானவர்களின் கூட்டுறவு. நாமே முதலாளிகள் என்று எழுதி வைத்துக்கொண்டு, நம் பங்குச் சரக்கின் கணக்கை நாமே கேட்கவில்லை என்றால், குற்றம் முழுவதும் கலோலில் இல்லை.

நல்லதும் உண்டு

சரி, அப்படியானால் நானோ என்பதையெல்லாம் குப்பையில் போடலாமா என்றால், அதுவும் மூடத்தனம். கோயமுத்தூரில் தமிழ்நாடு விவசாயப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அவர்கள் கனடாவின் கெல்ப் பல்கலைக்கழகத்தாரோடும் இலங்கை விஞ்ஞானிகளோடும் சேர்ந்து செய்த ஒரு வேலையைச் சொல்லுகிறேன். ஹெக்ஸனால் என்பது செடிகளே தங்கள் உடம்பில் காயம் பட்டால் உண்டாக்கிக்கொள்ளும் ஒரு பொருள். பழத்தின் தோல் சீக்கிரம் தளர்ந்து போவதை அது தாமதப்படுத்துகிறது. அதை மிக நுண்ணிய துளிகளாக்கி மாமரத்தில் அறுவடைக்கு முன் தெளித்தால், பழம் இரண்டு மூன்று வாரம் கெடாமல் நிற்கிறது. கிருஷ்ணகிரி மாம்பழக்காரனுக்கு இது என்ன உபகாரம் என்பது, ஒரே வாரத்தில் எல்லாம் பழுத்து வியாபாரி சொன்ன விலைக்குக் கொட்டியவனைக் கேட்டால் தெரியும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப் என்ற பேராசிரியரும் அவர் கூட்டத்தாரும், இரும்பை நானோ அளவில் அமைத்து, குடிதண்ணீரிலிருக்கும் ஆர்சனிக் விஷத்தைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி செய்தார்கள். வங்காளத்திலும் பஞ்சாபிலும் ஏழை ஜனங்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அதற்கும் 'அம்ரித்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்! பெயரைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏனென்றால் அந்த அமிர்தத்தை வாயில் ஊற்றி நம்பச் சொல்லவில்லை. உள்ளே போகிற தண்ணீரில் விஷம் எவ்வளவு, வெளியே வருகிற தண்ணீரில் எவ்வளவு என்று அளந்து காட்டலாம். லிட்டருக்கு 10 மைக்ரோ கிராமுக்கு மேல் இருந்தால் தோற்றது, இல்லாவிட்டால் ஜெயித்தது. நல்ல சரக்குக்கும் தீர்த்தத்திற்கும் இதுதான் வித்தியாசம். தீர்த்தத்தில் தோல்வி என்பதே கிடையாது. பலிக்காவிட்டால் உன் பக்தி போதாது என்று சொல்லிவிடலாம்.

பாலாறு சொல்லும் பாடம்

இனி ஆபத்தைப் பற்றி. சிறியது உள்ளே நுழையும் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் நாம் அழைத்த இடத்தில் மாத்திரமே நுழையும் என்று யார் சொன்னது? வெள்ளியை நானோப் பொடியாக்கினால் கிருமிகளைக் கொல்லுகிறது, புண்ணுக்கு நல்லது. அதே பொடி மண்ணில் கலந்தால், மண்ணில் நமக்காக உழைக்கிற கிருமிகள் எது, பகைக் கிருமி எது என்று அதற்குத் தெரியாது. உங்கள் நிலக்கடலைச் செடியையும் கொள்ளுச் செடியையும் பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். அவை காசு வாங்காமல் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடித்துக் கொடுக்கும் சிறு ஆலைகள். 2012-ல் கலிபோர்னியாவில் சோயா மொச்சையில் சோதனை செய்தார்கள். சீரியம் ஆக்ஸைடு என்ற நானோப் பொடி கலந்த மண்ணில் இந்த முடிச்சுகளின் வேலை பெரிதும் நின்று போயிற்று. துத்தநாகப் பொடி கலந்த மண்ணில் துத்தநாகம் மொச்சைக்குள்ளேயே ஏறிவிட்டது. ஐரோப்பாவில் மிட்டாய்க்கு வெள்ளை நிறம் கொடுக்கப் பல வருஷம் போட்டு வந்த டைட்டானியம் டை ஆக்ஸைடில் நுண்பொடியும் கலந்திருக்கிறது. அது அபாயமற்றது என்று சொல்ல இனி இயலவில்லை என்று 2022-ல் தின்பண்டங்களிலிருந்து விலக்கினார்கள்.

நானோ யூரியாவும் இந்த உலோகப் பொடிகளும் ஒன்றல்ல. அதையும் இதையும் குழப்பி உங்களைப் பயமுறுத்த எனக்கு இஷ்டமில்லை. ஆனால் ஒரே பெயரின் கீழ் நாளைக்கு நூறு புட்டிகள் வரும். வருகிற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, மண்ணுக்கு என்ன, தண்ணீருக்கு என்ன, தெளிக்கிறவனுடைய நெஞ்சுக்கு என்ன என்று கேட்டாக வேண்டும். 2020-ல் இந்திய சர்க்காரே இப்படிப்பட்ட பொருள்களை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று வழிமுறை வெளியிட்டிருக்கிறது. ஏட்டில் இருப்பது கடைவரை வந்ததா என்பதே சங்கதி.

தெளிக்கிறவன் யார் என்பதையும் யோசியுங்கள். நிலத்துக்காரர் அல்ல, கூலிக்காரர். முகத்தில் துணிகூட இல்லாமல் தெளிப்பான் மாட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராக நடக்கிறவர். பாம்பின் தலைப்பக்கம் இன்றைக்கும் அவருக்குத்தான். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பானை வருஷக்கணக்காக ஆகாயத்திலிருந்து தெளித்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் கதியை உலகம் பார்த்த பிறகு, 2011-ல்தான் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்திற்று. டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்டவருக்கு 1948-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 1989-ல் நம் நாட்டில் விவசாயத்திற்கு அதை விலக்கினார்கள். நடுவில் நாற்பது வருஷம்!

தூரத்து உதாரணம் எதற்கு? உங்கள் ஜில்லாக்களில் ஓடுகிற பாலாறு போதாதா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகள் கழிவை விட்டு, கிணறுகள் உப்பாகி, வயல்கள் கெட்டன. ராணிப்பேட்டையில் குரோமியத் தொழிற்சாலை ஒன்று மூடிப்போன பிறகும் அதன் கழிவு லட்சக்கணக்கான டன் மலையாகக் கிடந்து தண்ணீரில் இறங்கிற்று. 1996-ல் வேலூர்ப் பிரஜைகள் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு இந்த தேசத்துக்கே சட்டமாயிற்று. கெடுதி வருமா என்று விஞ்ஞானம் முடிவாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், முன்னெச்சரிக்கை எடு. கெடுதி இல்லை என்று காட்டுகிற பொறுப்பு தொழில் செய்கிறவனுடையது. கெடுத்தவன் பணம் கட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். நானோ இரும்பைக் கொண்டு அந்தக் குரோமிய விஷத்தைக் குறைந்த விஷமாக மாற்றலாம் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நல்லது, வரட்டும். ஆனால் விஷத்தைப் போக்க வருகிற பொடியும் அதே தீர்ப்பின் முன்னால் கை கட்டி நின்று கணக்குச் சொல்லிவிட்டுத்தான் ஆற்றில் இறங்க வேண்டும்.

மற்றொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். புட்டி பொய் என்றதும் ஓடி வந்து, "பார்த்தீர்களா! இதற்குத்தான் எங்கள் முன்னோர் கோமாதாவைக் கும்பிடச் சொன்னார்கள், வயலில் ஹோமம் வளர்க்கச் சொன்னார்கள்" என்பார்கள். சாணியில் சத்து இருக்கிறது. அது பசு தெய்வம் என்பதால் அல்ல, அது தின்ற புல்லினால். எருமைச் சாணியிலும் இருக்கிறது, ஆட்டுப் புழுக்கையில் இன்னும் அதிகமாக இருக்கிறது. எருமைக்கு எவனும் கோயில் கட்டவில்லை. மலைமேல் சாமை விதைக்கிற தோழர்கள் எந்த மந்திரமும் சொல்லாமல், ஆட்டுப்பட்டி போட்டு, பயிரை மாற்றி மாற்றி விதைத்து வந்த அனுபவம் அசல் விஞ்ஞானம். அதற்கு வேதத்தின் சிபார்சு தேவையில்லை.

மூன்றாவது பாத்தி

நான் சொல்லுகிறேன் என்பதற்காகவும் நீங்கள் நம்ப வேண்டாம். பரண்மேல் புட்டி இருக்கிற தோழர்கள் அடுத்த பட்டத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரே வயலில், ஒரே மண்ணில், ஒரே அளவாக மூன்று பாத்தி பிரியுங்கள். ஐந்து சென்ட் வீதம் இருந்தால் போதும். அடியுரம் மூன்றிலும் ஒரே மாதிரி. மேலுரம் வரும்போது முதல் பாத்தியில் வழக்கமான யூரியா முழுவதும் போடுங்கள். இரண்டாவதில் பாதி யூரியா போட்டு, புட்டியில் எழுதியிருக்கிறபடி, லிட்டருக்கு இரண்டு முதல் நாலு மில்லி கலந்து தெளியுங்கள். மூன்றாவதில் அதே பாதி யூரியா போட்டு, வெறும் தண்ணீரைத் தெளியுங்கள். இந்த மூன்றாவது பாத்திதான் முக்கியம். அது இல்லாவிட்டால், பாதி யூரியாவுக்கே வந்திருக்கக்கூடிய மகசூலைப் புட்டி தந்ததென்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விடும். தண்ணீர் பாய்ச்சும்போது ஒரு பாத்தித் தண்ணீர் இன்னொன்றுக்குப் போகாமல் வரப்பைக் கட்டிக்கொள்ளுங்கள். தெளிக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்; தெளிக்கிறவர் உங்கள் கூலியாள் என்றால் முதலில் அவருக்குத் துணி கொடுங்கள்.

கடையில் புட்டியைக் கட்டாயப்படுத்தினால் பில் கேளுங்கள். பில்லில் புட்டியைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுதினால் அந்தக் காகிதத்தோடு விவசாய அதிகாரியிடம் போங்கள். ஒருவராகப் போகாமல் பத்துப் பேராகப் போங்கள். எழுத மறுத்தால் ஏன் மறுக்கிறார் என்பதே உங்களுக்குப் போதிய பதில்.

அறுத்தபின் மூன்று பாத்தியையும் தனித்தனியே அடித்து, காயவைத்து, ஒரே தராசில் நிறுத்து, நோட்டில் எழுதி வையுங்கள். எடுத்துச் சொல்ல வெட்கப்படுகிற தாய்மார்கள் பிள்ளைகளிடம் கொடுத்து எழுதச் சொல்லலாம். அந்த நோட்டுகளோடு அறுவடைக்குப் பின் இதே இடத்தில் கூடுவோம். எடைகளை ஒவ்வொன்றாக வாசிப்போம். இரண்டாவது பாத்தி ஜெயித்திருக்குமேயானால், இன்று நான் போட்ட கணக்கில் எங்கே தப்பு என்று அன்று இந்த மேடையில் நானே எழுந்து சொல்லுகிறேன்.